கருப்பை வாயின் நீளம்: எந்த வழியில் அளந்த எண்?

ஐந்தாம் மாத ஸ்கேன் அறிக்கையில், குழந்தையின் தலைச் சுற்றளவுக்கும் தொடை எலும்பின் நீளத்துக்கும் கீழே ஒரு வரி இருக்கும். செர்விக்ஸ் (கருப்பை வாய்) 3.4 செ.மீ., உள் வாய் மூடியிருக்கிறது என்பது போல. எடை எவ்வளவு, தண்ணீர் போதுமா, தலை கீழே வந்துவிட்டதா என்று துருவித் துருவிக் கேட்கிறவர்கள்கூட இந்த வரியைக் கேட்பதில்லை. குறைமாதப் பிரசவம் வரக்கூடுமா என்பதை, எந்த வலியும் தொடங்காத நிலையிலேயே ஓரளவு சொல்லக்கூடிய அளவு இதுதான். இதைவிடத் தெளிவாகச் சொல்லும் வேறு ஒற்றை அளவு இன்றுவரை இல்லை.

ஆனால் எண்ணை மட்டும் படித்தால் போதாது. அதே பெண், அதே நாள், அதே அறை. வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தால் ஒரு நீளம் வரும், உள்ளே வைத்துப் பார்த்தால் வேறு நீளம் வரும். இரண்டுக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால் யாரும் வியக்க வேண்டியதில்லை. ஒரு சென்டிமீட்டர் என்பது இங்கே 'கவலை இல்லை, போய் வாங்க' என்பதற்கும் 'இன்றே மருந்து தொடங்கலாம்' என்பதற்கும் நடுவில் இருக்கும் தூரம். அதனால் இந்த அத்தியாயம் முழுக்க அளக்கும் வழிகளைப் பற்றியே பேசுகிறது.

எதை அளக்கிறார்கள்?

கருப்பையை ஒரு சுருக்குப் பையாக நினைத்தால், கயிறு இறுக்கிய கழுத்துப் பகுதிதான் கருப்பை வாய். அதற்கு இரண்டு முனைகள். குழந்தை இருக்கும் பக்கம் உள் வாய், பிறப்புறுப்புப் பக்கம் வெளி வாய். இரண்டுக்கும் இடையே மெல்லிய கால்வாய் ஒன்று ஓடுகிறது. மூடியிருக்கும் அந்தக் கால்வாயின் நீளத்தைத்தான் மில்லிமீட்டரில் அளக்கிறார்கள்.

திறப்பது எப்போதும் உள்ளிருந்துதான் தொடங்குகிறது. முதலில் உள் வாய் விரியும், பனிக்குடப் பை அதற்குள் புனல் வடிவில் இறங்கும், மூடிய பகுதி மேலிருந்து கீழாகக் குறைந்துகொண்டே வரும். வெளி வாய் கடைசியில்தான் திறக்கும். விரலால் தொட்டுப் பார்க்கும் மருத்துவருக்குக் கிடைப்பது வெளி வாயும் கீழ்ப்பகுதியும்தான். உள்ளே பாதிக்கு மேல் திறந்துவிட்ட கருப்பை வாய்கூட விரலுக்கு மூடியதாகவே தெரியலாம். கையால் பார்த்து 'நல்லா மூடியிருக்கு' என்று சொன்னதை வைத்து நிம்மதி அடைய முடியாததற்கு இதுவே காரணம்.

ஸ்கேனில் உள் வாயின் வடிவத்தைக் குறிக்க ஆங்கில எழுத்துகளை வைத்துச் சொல்வது வழக்கம். மூடியிருந்தால் டி, திறக்கத் தொடங்கினால் ஒய், மேலும் விரிந்தால் வி, அகலமாகத் திறந்தால் யூ. உங்கள் அறிக்கையில் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அர்த்தம் இதுதான். ஆனால் புனல் எவ்வளவு பெரிது என்பதைவிட, புனலுக்குக் கீழே மூடிய நிலையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதே முக்கியம். மிச்சம் 35 மி.மீ. இருந்தால், மேலே சின்னதாக ஒரு புனல் தெரிவதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

25 என்ற கோடு எங்கிருந்து வந்தது?

1996-ல் அமெரிக்காவில் ஜே அயம்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் 2,915 கர்ப்பிணிகளின் கருப்பை வாயை 24-ஆம் வார வாக்கில் அளந்து, பிறகு யாருக்கு 35 வாரத்துக்கு முன்பே பிரசவம் ஆனது என்று பார்த்தார்கள். சராசரி நீளம் சுமார் 35 மி.மீ. பத்தில் ஒருவருக்கு மட்டும் 26 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு. நீளம் குறையக் குறைய ஆபத்து ஏறிக்கொண்டே போனது. 40 மி.மீ.க்கு மேல் இருந்தவர்களோடு ஒப்பிட்டால் 26 மி.மீ. வரை உள்ளவர்களுக்குச் சுமார் ஆறு மடங்கு, 22 மி.மீ. வரை உள்ளவர்களுக்கு ஒன்பது மடங்குக்கு மேல். இதையொட்டியும் பின்னால் வந்த ஆய்வுகளையொட்டியும் 24 வாரத்துக்கு முன் 25 மி.மீ. அல்லது குறைவு என்பது 'குட்டையான கருப்பை வாய்' என்று உலகெங்கும் நிலைத்தது.

அயம்ஸின் ஆய்வில் அளந்தது முழுக்கப் பிறப்புறுப்பு வழியாக, அதாவது உள் ஸ்கேனில். அதற்குப் பின் மருந்து கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளிலும் அதே வழிதான். 2007-ல் லண்டனிலிருந்து வெளிவந்த ஆய்வில் 24,620 பெண்களை இப்படி அளந்து, 15 மி.மீ. வரை இருந்து ஆய்வில் சேரச் சம்மதித்தவர்களில் ஒரு பாதியினருக்குப் புரோஜெஸ்டிரோனும் மறு பாதியினருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். 34 வாரத்துக்கு முன் பிரசவித்தவர்கள் மருந்து எடுத்தவர்களில் 19.2 சதவீதம், எடுக்காதவர்களில் 34.4 சதவீதம். 25 என்ற கோடும், 15 என்ற கோடும், அவற்றைத் தொட்டதும் தொடங்கும் சிகிச்சையும் எல்லாம் உள் ஸ்கேனின் சொத்து. வயிற்றின் மேல் அளந்த எண்ணை எடுத்து அந்தக் கோட்டோடு ஒப்பிடுவது, படியால் அளந்த அரிசியைத் தராசுக் கணக்கில் எழுதுவதற்குச் சமம்.

வயிற்றின் மேலிருந்து

எல்லோருக்கும் பழகிய ஸ்கேன். ஜெல் தடவி, வளைந்த முகப்புள்ள புரோபை வைத்து, தொப்புளுக்குக் கீழே நகர்த்திக் குழந்தையைப் பார்க்கிறார்கள். போகிற போக்கில் புரோபை இடுப்பெலும்புக்கு மேலே நிமிர்த்தி வைத்தால் கருப்பை வாயும் தெரியும். கூச்சம் இல்லை, கூடுதல் நேரம் இல்லை, வேறு கருவி தேவையில்லை. அதனால்தான் இது பரவலாக நடக்கிறது.

சிக்கல் சிறுநீர்ப்பையில் இருக்கிறது. கருப்பை வாய் வயிற்றுச் சுவரிலிருந்து ஆழத்தில், இடுப்பெலும்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. ஒலி அலை அங்கே போய்த் திரும்ப ஒரு ஜன்னல் வேண்டும். நிறைந்த சிறுநீர்ப்பை அந்த ஜன்னலாகிறது. 'நாலு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு வாங்க, யூரின் அடக்கிட்டு உட்காருங்க' என்று வரவேற்பறையில் சொல்வதற்கு ஒரு காரணம் இது. ஆனால் அதே நிறைந்த பை கருப்பையின் கீழ்ப்பகுதியின் முன்சுவரைப் பின்சுவரோடு அழுத்திச் சேர்த்து வைக்கிறது. திரையில் இரண்டு சுவரும் ஒட்டிய அந்தப் பகுதியும் கருப்பை வாயின் நீட்சி போலவே தெரியும். உண்மையான நீளத்தோடு அது கூட்டாகச் சேர்ந்துவிடும். அது மட்டுமல்ல, உள்ளே திறந்திருந்த புனலையும் அந்த அழுத்தம் மூடி மறைத்துவிடலாம். சிறுநீர் கழித்துவிட்டு வந்தால் நீளம் நிஜத்துக்கு அருகில் வரும், ஆனால் பாதிப் பேருக்கு கருப்பை வாய் சரியாகத் தெரியவே தெரியாது. பார்க்க வேண்டுமானால் பை நிறைய வேண்டும், சரியாக அளக்க வேண்டுமானால் பை காலியாக வேண்டும். இந்த முரண்பாட்டிலிருந்து வயிற்று வழி ஸ்கேனுக்குத் தப்பிக்க வழியில்லை.

இன்னும் சில உண்டு. ஆழத்துக்குப் போக வேண்டுமென்றால் குறைந்த அதிர்வெண் கொண்ட ஒலி வேண்டும். வயிற்றுப் புரோபில் அது பெரும்பாலும் 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ். அதிர்வெண் குறைந்தால் படத்தின் நுணுக்கமும் குறையும். வயிற்றுக் கொழுப்பு அதிகம் உள்ளவர்களுக்குப் படம் இன்னும் மங்கும். 20 வாரத்துக்கு மேல் குழந்தையின் தலையோ காலோ குறுக்கே வந்து நிழல் விழுந்தால் உள் வாய் எங்கே என்று ஊகிக்கத்தான் முடியும்.

இந்தத் தவறுகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்கின்றன என்பதுதான் எனக்குக் கவலை தரும் விஷயம். நீளமான கருப்பை வாயை வயிற்று வழி ஓரளவு சரியாகவே காட்டுகிறது. குட்டையாக இருப்பதைத்தான் நீட்டிக் காட்டுகிறது. 2012-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வில், இரண்டு வழியிலும் ஒரே பெண்களை அளந்தார்கள். உள் ஸ்கேனில் 25 மி.மீ.க்குள் இருந்தவர்களில் பாதிக்கும் குறைவானவர்களையே வயிற்று வழி அடையாளம் கண்டது. யாரைக் கண்டுபிடிக்க ஸ்கேன் செய்கிறோமோ அவர்களையே அதிகம் தவறவிடுகிறது என்றால் அந்த எண்ணை எப்படி நம்புவது?

அப்படியானால் அது வீணா? இல்லை. சல்லடையாகப் பயன்படுத்தலாம். வயிற்று வழியில் 36 மி.மீ.க்கு மேல் தெளிவாக வந்து, இரண்டு முனைகளும் தெரிந்து, முன்பு குறைப்பிரசவமும் ஆகாத பெண்ணுக்கு உள் ஸ்கேனில் 25-க்குக் கீழே இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அதற்குக் கீழே வந்தாலோ, சரியாகத் தெரியவில்லை என்றாலோ உள் ஸ்கேனுக்குப் போக வேண்டும். இப்படி வடிகட்டினாலும் பாதிக்கு மேற்பட்ட பெண்களை உள் ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டிவரும். சல்லடை அவ்வளவு பொடிக் கண்ணுள்ளதாக இருந்தால்தான் தவறவிடாது. இதைப் பார்த்துவிட்டு, 'பிறகு எதற்கு இரண்டு வேலை, நேரே உள்ளேயே அளந்துவிடலாமே' என்று சொல்லும் மருத்துவர்கள் உண்டு. எனக்கும் அவர்கள் பக்கமே சாய்வு.

உள் ஸ்கேன்

அறிக்கைகளில் டிவிஎஸ் என்று இருக்கும். மெல்லிய நீண்ட புரோபுக்குப் புது உறை மாட்டி, ஜெல் தடவி, பிறப்புறுப்பு வழியே கொஞ்ச தூரம் வைக்கிறார்கள். கருப்பை வாய்க்கு அருகிலேயே இருப்பதால் ஆழத்துக்குப் போக வேண்டிய கட்டாயம் ஒலிக்கு இல்லை. உயர்ந்த அதிர்வெண் பயன்படுத்தலாம். கால்வாயின் சவ்வுகூடத் தனிக் கோடாகத் தெரியும்.

முதலில் வரும் பயத்தைப் பேசிவிடுவோம். 'உள்ளே விட்டுப் பார்த்தா கரு கலைஞ்சிடாதா டாக்டர்?' என்று பெண்ணைவிட அவளுடன் வந்த மாமியாரோ அம்மாவோதான் கேட்பார்கள். கலையாது. புரோப் கருப்பை வாய்க்குள் நுழைவதே இல்லை; அதற்கு முன்னால், யோனியின் முன்பக்க மடிப்பில் நின்றுவிடுகிறது. நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருப்பவர்களுக்குக்கூட, அது உள் வாயை மூடியிருக்கிறதா என்று சொல்வதற்கு இதுவே பாதுகாப்பான, துல்லியமான முறை. பனிக்குடம் உடைந்துவிட்டவர்களுக்கு இதனால் தொற்று கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. வலி? கருவி வைத்து விரித்துப் பார்க்கும் பரிசோதனையைவிட இது எளிது என்றே பெரும்பாலான பெண்கள் சொல்கிறார்கள்.

கூச்சத்தைப் பயத்தோடு சேர்த்துத் தள்ளிவிடக் கூடாது. அது நியாயமானது. அறைக் கதவு மூடியிருக்க வேண்டும், இடுப்புக்குக் கீழே துணி போர்த்தியிருக்க வேண்டும், ஒரு பெண் ஊழியராவது கூட இருக்க வேண்டும். என்ன செய்யப் போகிறார்கள் என்று முன்பே சொல்ல வேண்டும். 'நானே புரோபை உள்ளே வைத்துக்கொள்கிறேன்' என்று நீங்கள் கேட்கலாம், பல மருத்துவர்கள் சம்மதிப்பார்கள். ரப்பர் கையுறை, பலூன் போன்றவை தொட்டால் அரிப்பு வருகிறவர் என்றால் உறை மாட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். வேறு வகை உறை கிடைக்கும். 'நிறுத்துங்கள்' என்று எந்த நேரத்திலும் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

இனி, நல்ல அளவு எப்படி எடுக்கப்படுகிறது என்பது. படுக்கையில் இருக்கும்போதே நீங்கள் கவனிக்கக்கூடியவை சில இதில் உண்டு.

முதல் வேலை, சிறுநீர் கழித்துவிட்டு வருவது. வயிற்று ஸ்கேனுக்காகக் குடித்த தண்ணீரோடு அப்படியே படுக்கச் சொன்னால், 'பாத்ரூம் போய்ட்டு வந்துடட்டுமா?' என்று நீங்களே கேளுங்கள். நிறைந்த பை இந்த வழியிலும் நீளத்தைக் கூட்டிக் காட்டும்.

அடுத்தது அழுத்தம். புரோபை அழுத்திப் பிடித்தால் கருப்பை வாய் நசுங்கி நீண்டுவிடும். தேர்ந்த மருத்துவர் படம் கிடைத்ததும் புரோபைப் பின்னால் இழுத்து, படம் மங்கும் வரை விட்டு, மறுபடி தெளிவாகும் அளவுக்கு மட்டும் மெல்ல முன்னே கொண்டுபோவார். கருப்பை வாயின் முன் உதடும் பின் உதடும் ஒரே தடிமனாக இருக்கிறதா என்று பார்ப்பார். முன் உதடு மெலிந்திருந்தால் அழுத்தம் அதிகம் என்று பொருள். படத்தைப் பெரிதாக்கி, திரையில் பாதிக்கு மேல் கருப்பை வாயே நிரம்பும்படி வைத்து, வெளி வாயிலிருந்து உள் வாய்க்கு நேர்கோடு போடுவார். கால்வாய் வளைந்திருந்தால் கோடும் வளைய வேண்டுமா என்ற கேள்வி வரும். பெரிய வித்தியாசம் இல்லை. உண்மையிலேயே குட்டையான கருப்பை வாய் பெரும்பாலும் நேராகத்தான் இருக்கும். வளைவு தெரிகிறது என்றாலே போதிய நீளம் இருக்கிறது.

மூன்றாவது, பொறுமை. கருப்பை வாய் அசையாத பொருள் இல்லை. கருப்பை லேசாகச் சுருங்கும்போது நீளம் மாறும், சிலருக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள் வாய் திறந்து மூடும். அதனால் இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்து, குறைந்தது மூன்று முறை அளந்து, தெளிவான படங்களில் வந்த மிகக் குறைந்த எண்ணை எழுத வேண்டும். சராசரி எழுதுவது தவறு. சில மருத்துவர்கள் வயிற்றின் மேல்பகுதியைக் கையால் 15 நொடி அழுத்திப் பிடித்து, உள் வாய் திறக்கிறதா என்றும் பார்ப்பார்கள். உள்ளே வைத்த உடனே ஒரு படம் பிடித்து 'முடிஞ்சது, எழுந்துக்கோங்க' என்றால் அந்த அளவு அரைகுறை. கூட்டம் நிரம்பி வழியும் மையங்களில் இது நடக்கிறது. கருவி உயர்ந்ததாக இருந்தும் பயன் இல்லை.

இந்த நுணுக்கங்களுக்காகவே லண்டனில் உள்ள ஃபீட்டல் மெடிசின் ஃபவுண்டேஷன் கருப்பை வாய் அளப்பதற்கென்று தனிப் பயிற்சியும் சான்றிதழும் வைத்திருக்கிறது. சரியாகப் பயின்றவர்கள் இருவர் தனித்தனியே அளந்தாலும் நான்கைந்து மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போவார்கள். அதனால் போன வாரம் 31, இந்த வாரம் 28 என்று வந்தால் பதற வேண்டாம். 31-இலிருந்து 22 என்றால் அது அளவுப் பிழை அல்ல.

உள் ஸ்கேனும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கருப்பையின் கீழ்ப்பகுதி சுருங்கி நிற்கும்போது அது நீண்ட கருப்பை வாய் போலவும், அதற்கு மேல் புனல் இருப்பது போலவும் தோன்றும். கருப்பை வாய் 5 செ.மீ.க்கு மேல் வந்தால் பெரும்பாலும் இதுதான். பத்து இருபது நிமிடம் கழித்து மறுபடி பார்த்தால் மாயமாகிவிடும். 14 வாரத்துக்கு முன் அளப்பதில் பயன் இல்லாததற்கும் இதை ஒட்டிய காரணம்தான்: அப்போது கருப்பையின் கீழ்ப்பகுதி எங்கே முடிகிறது, வாய் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காண்பது கடினம்.

இடைப்பட்ட மூன்றாவது வழி

இதை நம் ஊரில் அதிகம் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். வயிற்றுக்குப் பயன்படுத்தும் அதே புரோபுக்கு உறை மாட்டி, உள்ளே விடாமல், பிறப்புறுப்பின் வெளி உதடுகளுக்கு நடுவே வைத்துப் பார்ப்பது. சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டியதில்லை, குழந்தையின் தலை நிழல் குறுக்கே வருவதும் குறைவு. திரையில் கருப்பை வாய் படுக்கைவசமாகத் தெரியும். மலக்குடலில் உள்ள காற்று வெளி வாயை மறைத்துவிடுவதுதான் பெரிய தொல்லை. இடுப்புக்குக் கீழே தலையணை வைத்து உயர்த்தினால் ஓரளவு சரியாகும். பழகிய கைகளில் உள் ஸ்கேனுக்கு அருகில் வரும் எண் கிடைக்கும். பழகாத கைகளில் கிடைக்காது.

உள் ஸ்கேனுக்கு எந்த விதத்திலும் சம்மதிக்க முடியாத பெண்ணுக்கும், உள்ளே வைக்கும் புரோபே இல்லாத சிற்றூர் மையத்துக்கும் இது பயன்படும். வயிற்று வழியைவிட இது மேல் என்பதே என் தீர்ப்பு. ஆனால் எல்லைக்கோட்டில் ஒரு எண் வந்தால் இதை வைத்துச் சிகிச்சையை முடிவு செய்யக் கூடாது.

யாருக்கு, எப்போது?

இதில் நாடுகளே ஒத்துப்போகவில்லை. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் 19 முதல் 24 வாரத்துக்குள் உள் ஸ்கேனில் அளக்கலாம் என்பது உலக மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பான ஃபிகோவின் பரிந்துரை. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் ஐந்தாம் மாத ஸ்கேனில் கருப்பை வாயைக் கட்டாயம் பார்க்கச் சொல்கிறது, வயிற்று வழியாகவும் பார்க்கலாம் என்கிறது. பிரிட்டனில் எல்லோருக்கும் அளப்பதில்லை. ஆபத்து உள்ளவர்களுக்கு மட்டும்.

ஆபத்து உள்ளவர் யார் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. முன்பு 34 வாரத்துக்கு முன் தானாகப் பிரசவம் ஆனவர், நான்காம் ஐந்தாம் மாதத்தில் வலியே இல்லாமல் கரு நழுவிப் போனவர், கருப்பை வாயில் கூம்பு வடிவில் சதை வெட்டி எடுத்த சிகிச்சை செய்துகொண்டவர், பிறவியிலேயே கருப்பை வடிவம் மாறியவர், போன பிரசவத்தில் வாய் முழுதும் திறந்த பிறகு சிசேரியன் ஆனவர். இவர்களில் நீங்கள் ஒருவர் என்றால் வயிற்று வழி அளவைத் திரும்பிப் பார்க்கவே வேண்டாம். முன்பு குறைப்பிரசவம் ஆனவர்களுக்கு 16-ஆம் வாரத்திலிருந்து 24 வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உள் ஸ்கேன் செய்வது வழக்கம்; நீளம் 30-க்குக் கீழே வந்தால் வாரம் ஒருமுறை.

24 வாரத்துக்குப் பிறகு கருப்பை வாய் எல்லோருக்குமே மெல்லக் குறையும். எட்டாம் மாதத்தில் 25 மி.மீ. என்று வந்த அறிக்கையைப் பார்த்து அழுதுகொண்டு வருகிறவர்கள் உண்டு. வலி இல்லாதவருக்கு அந்த மாதத்தில் அந்த எண் பெரிதாக எதையும் சொல்வதில்லை.

குட்டை என்று வந்தால்

பயந்த அளவுக்கு இது முடிவான செய்தி அல்ல. மேலே சொன்ன 2007 ஆய்வில் 15 மி.மீ.க்குள் இருந்து, மருந்தே எடுக்காதவர்களிலும் மூன்றில் இரண்டு பங்கினர் 34 வாரத்தைத் தாண்டினார்கள். மருந்து என்பது இரவில் பிறப்புறுப்புக்குள் வைக்கும் புரோஜெஸ்டிரோன். முன்பு குறைப்பிரசவம் ஆகி, இப்போதும் நீளம் 25-க்குக் கீழே என்றால் கருப்பை வாயில் தையல் போடுவது இன்னொரு வழி. இந்தத் தையலின் முன்னோடிகளில் ஒருவர் மும்பையின் மருத்துவர் வி.என். ஷிரோத்கர், தம் முறையை அவர் 1955-ல் வெளியிட்டது சென்னையிலிருந்து வந்த 'ஆண்டிசெப்டிக்' என்ற மருத்துவ இதழில்.

முழு நேரப் படுக்கை ஓய்வு பயன் தந்ததாக எந்த ஆய்வும் காட்டவில்லை. காலில் ரத்தக் கட்டும் உடல் தளர்ச்சியும் வந்ததுதான் மிச்சம். கட்டிலைவிட்டு இறங்கவே கூடாது என்று வீட்டில் சொன்னால் இதை அவர்களிடம் படித்துக் காட்டுங்கள்.

அறிக்கை கையில் வந்ததும்

நீளத்துக்குப் பக்கத்தில் எந்த வழி என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள். எத்தனையாவது வாரம், புனல் உண்டா, சிறுநீர்ப்பை காலியாக இருந்ததா என்பதும் இருந்தால் நல்லது. 'செர்விக்ஸ் நார்மல்' என்று மட்டும் எழுதி எண்ணே இல்லாத அறிக்கையை அடுத்த மருத்துவர் எதோடும் ஒப்பிட முடியாது. படத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள், இன்னொரு மையத்தில் மறுபடி அளக்கும்போது எண்ணைவிடப் படமே அதிகம் பேசும். இந்தியாவில் கர்ப்பிணிக்குச் செய்யும் எந்த ஸ்கேனுக்கும், உள் ஸ்கேன் உட்பட, 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி எஃப் படிவம் நிரப்ப வேண்டும். கையெழுத்துக் கேட்டால் தயங்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. இத்தனையும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருப்பவர்களுக்குச் சொன்னது. 37 வாரத்துக்கு முன் விட்டு விட்டு வரும் இடுப்பு வலி, அடிவயிற்றில் கீழே இழுப்பது போன்ற பாரம், தண்ணீராகவோ ரத்தம் கலந்தோ கசிவு, இவற்றில் எது வந்தாலும் அடுத்த ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். போன வாரம் வந்த நல்ல எண்ணை நம்பி வீட்டில் இருக்கவும் வேண்டாம். பிரசவ வார்டு உள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள். வண்டி இல்லையென்றால் 108-ஐ அழையுங்கள்.